மேடைக்குக் கீழே ஒரு நாற்காலி

நம் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் பழைய போட்டோ ஒன்றைப் போட்டிருந்தார். பிள்ளைகள் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம், பாதிப்பேருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்துவிட்டது. சேக்காடு பக்கத்து மைதானத்தில் கோடை விடுமுறையில் நடக்குமே, அந்தக் கன்வென்ஷன், சபைக்காரர்களின் எழுப்புதல் கூட்டம், அதன் போட்டோ. கீற்றுப் பந்தல், ட்யூப் லைட், வெள்ளைச் சேலைக் கூட்டம், மேடையில் மைக்கைப் பிடித்தபடி ஓர் ஒல்லி மனிதர். உடனே ஆரம்பித்துவிட்டீர்கள். அந்தக் காலத்து பக்தியே பக்தி என்று ஒருவர். கண் கலங்குகிறது என்று இன்னொருவர், அவர் கண் எதற்கும் கலங்கி நான் பார்த்ததில்லை. வரிசையாகக் கும்பிடும் கைகள் வேறு.

ஒரே ஒருவர்தான் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார். மேடைக்குக் கீழே, மைக்குக்கு நேர் எதிரில், தனியாக ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறதே, அது யாருக்கு? சிறப்பு விருந்தினருக்கா?

அந்த நாற்காலி எங்கள் வீட்டு நாற்காலி. மைக் பிடித்திருப்பவர் என் அப்பா. குழுவில் இரண்டு வரியில் தட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் பார்த்தேன், வரவில்லை. அதனால் நீட்டி எழுதுகிறேன். கண் கலங்க வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அப்பாவை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்து ஆள், முழுக்கை வெள்ளைச் சட்டை. நான் இரண்டாவது படிக்கும்போது பரம்பரையாகப் போய்க்கொண்டிருந்த கோயிலை, தேவாலயத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள், விட்டுவிட்டு, ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் நடந்த ஒரு சபையில் சேர்ந்தார். சினிமா போயிற்று, டீக்கடைப் பத்திரிகை போயிற்று, அம்மாவின் கம்மலும் தாலியும் போயின. கழற்றியது அம்மா, இரட்சிக்கப்பட்டேன் என்று சாட்சி சொன்னது அப்பா. கம்மல் இல்லாத காதுத் துளையில் அம்மா கொஞ்ச நாள் வேப்பங்குச்சி சொருகி வைத்திருந்தாள், அதையும் உலக ஆசை என்று பாஸ்டரம்மா எடுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில் ஊழியம். ஆவடியில் மின்சார ரயில் ஏறி அம்பத்தூரில் இறங்கி, அடுத்த ரயிலில் திரும்பி வருவோம். அப்பா பெட்டி நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவார், நான் கைப்பிரதி கொடுப்பேன். அட்டையில் ஆரஞ்சு நிறத் தீ, அதில் கை தூக்கி அலறும் மனிதர்கள். அச்சு மை கையில் ஒட்டும், மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். அதுவரை விழித்திருந்த பயணிகள் எங்களைக் கண்டதும் தூங்க ஆரம்பிப்பார்கள். சமோசா விற்கிறவர் அப்பா மூச்சு விடும் இடத்துக்காகக் காத்திருந்து, அதில் தன் கூவலைச் சொருகுவார். அம்பத்தூர் பிளாட்பாரத்தில் வேர்க்கடலை விற்ற அம்மாள் என்னிடம் ஒரு கட்டாகவே வாங்கிக்கொள்வாள், பொட்டலம் மடிக்க. அப்பா அதைப் பார்த்துவிட்டு, ஒரு வீட்டிலிருந்தே இத்தனை பேருக்கு வாஞ்சை என்று சபையில் சாட்சி சொன்னார்.

அவர் கத்துவது எப்போதும் ஒன்றுதான். "நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது. இந்த ரயில் அடுத்த ஸ்டேஷன் போய்ச் சேரும்னு உனக்கு யார் சொன்னா? இப்பமே மனந்திரும்பு. நாளைக்குங்கறது பிசாசோட வார்த்தை." இதைச் சொல்லும்போது தொண்டை நரம்பு புடைக்கும். நாளைக்கு என்ற சொல்லை வீட்டில்கூட நாங்கள் பயந்து பயந்துதான் பேசுவோம். நாளைக்கு இட்லிக்கு ஊறப்போட வேண்டும் என்று அம்மா சொன்னால்கூட, தேவனுக்குச் சித்தமானால் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கன்வென்ஷனை நீங்கள் மறந்துவிட்டீர்கள், பக்தியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். நான் ஞாபகப்படுத்துகிறேன். ஜெனரேட்டர் புகை. பந்தல்காரன் போட்ட கோரைப்பாயில் மூட்டைப்பூச்சி. விளக்கைச் சுற்றி ஈசல், அது பாடுகிறவர்கள் வாயில் போகும். பிறகு சாட்சிகள். கேண்டீனில் வேலை செய்த ஒரு மாமா வருஷா வருஷம் சாட்சி சொல்வார். முதல் வருஷம் அவர் பீடி குடித்த பாவி. அடுத்த வருஷம் அது சாராயம் ஆனது. அதற்கடுத்த வருஷம் கத்தியோடு ஒருத்தனைத் துரத்தியிருந்தார். அவர் மனைவி அம்மாவிடம் சொன்னாள், மூக்குப்பொடியைத் தவிர அவர் எதையும் தொட்டதில்லை, கரப்பான் பூச்சிக்கே கட்டில்மேல் ஏறுகிற ஆள் என்று. பாவம் பெரிதாக இருந்தால்தான் ஸ்தோத்திரம் பெரிதாக வரும். பீடிக்கெல்லாம் யார் கை தட்டுவது?

நான் ஐந்தாவது முடித்த கோடையில் பாஸ்டருக்கு ஒரு புதிய யோசனை வந்தது. காலி நாற்காலி ஜெபம். ஒவ்வொரு குடும்பமும் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து முன்வரிசையில் போட வேண்டும். இன்னும் மனந்திரும்பாத சொந்தக்காரர் யாரோ அவருக்கான இடம் அது. முதுகில் ஒரு காகிதத்தில் யாரென்று எழுதி ஒட்ட வேண்டும். கூட்டம் முடிவதற்குள் அந்த ஆள் அதில் வந்து உட்கார வேண்டுமென்று எல்லோரும் அழுது ஜெபிக்க வேண்டும். என் கணவர், என் மகன், என் ஃபோர்மேன் என்று வரிசையாக நாற்காலிகள். ஒன்றில் என் மாமியார் என்று இருந்தது. அந்த மாமியார் தினமும் கூட்டத்துக்கு வந்து அந்த நாற்காலிக்கு நேர் பின்னால் பாயில் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் வீட்டு நாற்காலி இரும்பு மடக்கு நாற்காலி. துணி கிழிந்துபோனதும் அம்மா பச்சையும் வெள்ளையுமாக ஒயர் வாங்கித் தானே பின்னியது. கோடையில் உட்கார்ந்து எழுந்தால் தொடையில் கட்டம் கட்டமாகத் தழும்பு விழும். அதன் முதுகில் அப்பா கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்: என் தம்பி.

சித்தப்பாவை அப்பாதான் ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து, எங்கள் குவார்ட்டர்ஸ் வராந்தாவில்தான் படுத்துக்கொண்டிருந்தார். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர். பட்டறையில் கழித்துப்போட்ட பித்தளைத் துண்டைக் கடைந்து எனக்கு ஒரு பம்பரம் செய்து கொடுத்தார், அது சுற்றும்போது லேசாக ரீங்காரம் போடும். அதை எங்கே தொலைத்தேன் என்று தெரியவில்லை. பிறகு அவர் குடிக்க ஆரம்பித்தார், நன்றாகவே குடித்தார். கல்யாணம் ஆனது, வெள்ளானூரில் குடிபோனார், சித்தியை அடித்தார். ஒரு கிறிஸ்துமஸ் அன்று தள்ளாடிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட சாப்பாட்டுத் தட்டைக் காலால் எத்திவிட்டார். அவரை நான் புனிதர் ஆக்கவில்லை.

அப்பா அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். "மனந்திரும்பிட்டு வா. அதுக்கு முன்னால இந்தப் படிய மிதிக்காத" என்றார். அதுவும் சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கப்புறம் அந்தத் தட்டை அப்பா விடவில்லை. ரயிலில், கொட்டகையில், கன்வென்ஷனில், எங்கே பேசினாலும் என் தம்பி என்று ஆரம்பித்துத் தட்டில் போய் நிற்பார். தனக்குச் சொல்லிக்கொள்ளும்படியாகப் பெரிய பாவம் எதுவும் இல்லாத மனிதர், தம்பியின் பாவத்தை வைத்துப் பிரசங்கியாக வளர்ந்தார்.

கன்வென்ஷன் முடிவதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை. சாயங்காலம் கூட்டம் ஆரம்பிக்கும் முன் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டுப் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் பச்சை நாற்காலியில் சித்தப்பா. இஸ்திரி போட்ட நீலச் சட்டை, தலையில் எண்ணெய், கைகளை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லோரும் அழுது அழுது ஜெபித்தது அப்படியே நடந்துவிட்டது. அப்பாவிடம் ஓடினேன்.

அப்பா மேடைக்குப் பின்னால் மைக் செட்காரரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "சித்தப்பா வந்துருக்காங்க. நாற்காலில உக்காந்துருக்காங்க" என்றேன்.

அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இப்பமா? கூட்டம் ஆரம்பிக்கப் போற நேரத்துலயா? அங்கனயே இருக்கச் சொல்லு. அழைப்பு குடுக்கும்போது எல்லாரும் பாக்க முன்னால வந்து முழங்கால் போடட்டும். அதுக்குப் பொறவு பேசுவோம்."

நான் திரும்பி வந்தபோது நாற்காலி காலி. சித்தப்பா வாசல் பக்கம் மூங்கில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏன் எழுந்துவிட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஒரு அம்மா வந்து எந்திரிக்கச் சொல்லிட்டாங்க பாப்பா. இது பிரதரோட தம்பிக்குப் போட்ட சேராம். நான்தாம்மா அந்தத் தம்பின்னேன். ஏற எறங்கப் பாத்தாங்க. அந்தத் தம்பி குடிகாரராச்சே, நீங்க பாயில உக்காருங்க பிரதர்னாங்க." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்தது. எழுப்பிவிட்டது பாஸ்டரம்மா. சபையே கண்ணீர் விட்டு வரவழைத்த ஆளை, அவருக்காகப் போட்ட நாற்காலியிலிருந்து, அவருக்காக என்று சொல்லியே எழுப்பிவிட்டார்கள். குடிகாரன் குடிகாரன் மாதிரியே வந்திருக்க வேண்டும். தானாகவே திருந்தி, குளித்து, தலைவாரி வந்தவனுக்கு அங்கே இடமில்லை.

"அண்ணன் வாரானா?" என்று கேட்டார். அப்பா சொன்னதைச் சொன்னேன்.

"அத்தினி பேர் முன்னாடியா? நான் அவங்ககிட்ட வரல பாப்பா. எங்க அண்ணன்கிட்ட ரெண்டு வார்த்தை தனியா பேசணும். மன்னிப்பு கேக்கணும், அவ்ளோதான்."

தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன், கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். வயிறு மட்டும் சட்டைக்குள் உப்பியிருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாட்டு ஆரம்பித்துவிட்டது, அவர் கம்பத்தைப் பிடித்தபடியே நின்றார், நின்ற இடத்திலேயே லேசாக ஆடினார்.

அப்பா அன்று நன்றாகப் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். குரலை இறக்கி, ஏற்றி, கடைசியில் அழைப்புக்கு வந்தார். கண்ணை மூடச் சொன்னார். ஆர்மோனியம் மெதுவாக வாசித்தது. அப்புறம் அவர் பார்வை கூட்டத்தைத் தாண்டி வாசலுக்குப் போனது.

"எல்லாருக்கும் பின்னால ஒரு ஆத்துமா நிக்குது. எனக்குத் தெரியுது. இன்னைக்கும் குடிச்சிட்டு, நிக்க முடியாம கம்பத்தப் புடிச்சிக்கிட்டு நிக்குது. என் கூடப் பொறந்த ஆத்துமா. தம்பி, இதுதான் கடைசித் தருணம். நாளைக்குன்னு ஒண்ணு கிடையாது. வா."

மூடச் சொன்ன கண்கள் எல்லாம் திறந்தன. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சித்தப்பா கையிலிருந்த தம்ளரைக் குனிந்து கம்பத்தடியில் மெதுவாக வைத்தார். வைத்துவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். அவர் குடித்திருக்கவில்லை. ஈரல் கெட்டு நோய் முற்றியவனுடைய தள்ளாட்டம் அது. மேடையிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும் போல.

வீட்டுக்கு நடக்கும்போது, கண் மஞ்சளாக இருந்தது என்று அப்பாவிடம் சொன்னேன். "குடிச்சா அப்படித்தான் இருக்கும்" என்றார். "இருதயம் கடினப்பட்டுப் போச்சு அவனுக்கு" என்றும் சொன்னார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவும் திரும்பிப் பார்த்திருந்தாள், அவள் அப்பா இப்படி மஞ்சளாகித்தான் செத்திருந்தார்.

சனிக்கிழமை காலையில் அம்மா அப்பாவிடம் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு வெள்ளானூருக்குப் போனாள். கல்யாணமானதிலிருந்து அப்பாவிடம் சொல்லாமல் கடைக்குக்கூடப் போகாதவள். சித்தப்பா வீட்டுக்கு அந்தப் பக்கம் வயல், இந்தப் பக்கம் செங்கல் சூளை. சித்தப்பா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். எங்களைக் கண்டதும் எழ முயன்றார். அம்மாவுக்குப் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"அண்ணன் வரலியா மதினி?"

"வருவாங்க" என்றாள் அம்மா.

"மதினி, அந்த கிறிஸ்துமஸ் அன்னைக்கு தட்ட ஒதைச்சேன். அது தெனம் கண்ணுக்குள்ள வருது. மன்னிச்சிருங்க." அம்மா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். அன்று கொண்டுபோன கஞ்சியைத் தன் கையாலேயே கொடுத்தாள். இரண்டு வாய்க்கு மேல் உள்ளே போகவில்லை.

சித்தி அம்பத்தூரில் தையல் கம்பெனியில் வேலை செய்தவள், மெட்ராஸ்காரி, வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் பெயர் வாங்கியவள். எங்களை வெளியே கூட்டிக்கொண்டு வந்து சொன்னாள். "தவக்காலத்துல நிறுத்துனாரு அக்கா. அத்தோட ஒரு சொட்டு தொடல. டாக்டரு லேட்டுன்னுட்டாரு. அப்பாலதான் ஒவ்வொருத்தர் ஊடா போயி மன்னிப்பு கேக்க ஆரம்பிச்சாரு. பட்டறை பாய்கிட்ட, எங்க அம்மாகிட்ட, சைக்கிள் கடைக்காரராண்ட. என் கால்லயே வியுந்தாரு, எனக்கு ஒரு மாரி ஆயிட்ச்சு. காத்தால எயிந்தா அந்த மூலையில முட்டி போட்டுகினு குந்திகினு இருப்பாரு. இன்னா கேக்குறன்னு கேட்டேன். இன்னிக்கி ஒரு நாளு என்னத் தாங்கிக்க சாமின்னு கேப்பாராம். அவ்ளோதான் அவரு ஜெபம். இன்னும் கேக்காத ஆளு அவங்க அண்ணாத்ததான். அதுக்குத்தான் நேத்து வந்தாரு."

நான் இத்தனை வருஷம் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். மனந்திரும்புதல் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அந்தச் செங்கல் சூளைப் புகையில், சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னதில்தான். அதில் ஆர்மோனியம் இல்லை. அந்த மனந்திரும்புதலை நான் கேலி செய்யவில்லை. கேலி செய்வது மேடையில் நடந்த மற்றதை.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பா முன்னால் போய் நின்றாள். அவர் கடைசி நாள் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். "உங்க தம்பி குடிச்சிருக்கல. சாகக் கெடக்காரு. உங்களப் பாக்கணும்னு கேக்காரு. இப்பமே கிளம்புங்க."

அப்பா பேனாவை மூடினார். அவருக்கு உறைக்காமல் இல்லை. பிறகு சொன்னார், "இன்னைக்கி கடைசிக் கூட்டம். நான் இல்லாம நடக்குமா? நாளைக்கு ஸ்தோத்திர ஆராதனை இருக்கு. அது முடிஞ்சதும் நேரா போறேன்."

"நாளைக்குன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரயில்ல சொல்லுவீங்க" என்றாள் அம்மா.

"கர்த்தரோட வேலையும் வீட்டு வேலையும் ஒண்ணா?" என்று அதட்டினார். அன்று சாயங்காலம் மனந்திரும்புகிறேன் என்று கையுயர்த்தியவர்கள் போன வருஷத்தைவிட அதிகம் என்று பாஸ்டர் மகிழ்ந்துபோனார். கேண்டீன் மாமாவும் கையுயர்த்தினார், எதற்கென்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பா மேடையில் இருந்தபோது பட்டறைப் பையன் சைக்கிளில் வந்தான். காலையிலேயே சித்தப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிருக்கிறார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. அப்பா அப்போது இறங்கினார். அவ்வளவு வேகமாக அவர் மேடையை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. வெள்ளானூரில் சித்தப்பாவைப் பாயில் கிடத்தியிருந்தார்கள், அதே நீலச் சட்டை. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் சித்தியிடம் முதலில் கேட்டது இதுதான். "கடைசியில ஜெபம் பண்ணுனானா? மனந்திரும்புனானா?"

சித்தி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "அவரு எல்லாராண்டயும் மன்னிப்பு கேட்டு முடிச்சிட்டாரு மாமா. உங்களாண்ட கேக்கறதுக்கு உங்க கூட்டத்துக்கே வந்தாரு. நீங்க மைக்குல பேசிகினு இருந்தீங்க."

பாஸ்டர் வந்து, சபையில் சாட்சி சொல்லாமல் மரித்தவர் என்பதால் தம்மால் அடக்கம் பண்ண முடியாது, வெளியே நின்று குடும்பத்துக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். பூந்தமல்லியில் குடியிருந்த பட்டறை முதலாளி பாய் தன் ஆட்களோடு வந்து, வண்டி பிடித்து, பெட்டியைத் தானும் ஒரு பக்கம் தூக்கினார். அப்பாவுக்குத் தோள் கொடுக்க இடம் விட்டது அவர்தான். பரம்பரைக் கோயில் ஐயர், அப்பா விட்டுவிட்டுப் போன கோயிலின் பாதிரியார், வந்து நாலு வரி வாசித்து மண் போட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். மனிதனுக்குத் தவறு நேரும், துக்கம் திருத்தும் என்று விட்டிருப்பேன். துக்கம் அப்பாவைத் திருத்தவில்லை, அவருக்கு ஒரு பிரசங்கத்தைக் கொடுத்தது.

அடுத்த கோடையில், அதே மைதானம், அதே காலி நாற்காலிகள். எங்கள் பச்சை நாற்காலியின் முதுகில் இந்த முறை அப்பா ஒட்டியது: என் தம்பி மனைவி. நீங்கள் போட்டோவில் பார்ப்பது அந்த வருஷம். அழைப்பு கொடுக்கும் நேரத்தில் அப்பா மைக்கை நெருக்கமாகப் பிடித்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான். போன வருஷம் இதே மைதானத்துல, இதோ இந்தக் கம்பத்துக்கிட்ட நின்னான். கர்த்தர் கூப்பிட்டார். வரல. கடைசித் தருணத்த உதறிட்டுப் போனான். ரெண்டே நாளு. இன்னைக்கி அவன் எங்க இருக்கான்?"

அவர் எங்கே கை காட்டினார் என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் ஐயோ என்றது. சிலர் விம்மினார்கள். அந்த விம்மலில் உங்கள் வீட்டுப் பெரியவர்களும் இருந்தார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்தாள். பந்தியில் பரிமாற எழுகிற மாதிரி நிதானமாகத்தான் எழுந்தாள். முன்வரிசைக்குப் போய் எங்கள் நாற்காலியைத் தூக்கினாள், முதுகிலிருந்த காகிதத்தைக் கிழித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். மேடைக்குக் கீழே, முன்னால் வருகிறவர்கள் முழங்கால் போடுகிற வெற்றிடத்தில், நாற்காலியை விரித்து வைத்தாள். அண்ணாந்து அப்பாவைப் பார்த்தாள்.

"இறங்கி வாங்க. இதுல உக்காருங்க."

அவளிடம் மைக் இல்லை. முன்னால் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது, பின்னால் பாயில் இருந்த உங்களுக்குக் கேட்டிருக்காது. அம்மா விலகி நின்றதும் போட்டோக்காரன் இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து ஒரு படம் எடுத்தான். அப்பா வாயைத் திறந்தபடி நின்றார். இறங்குவதற்கு நாலு மரப்படிதான். பாஸ்டர் ஆர்மோனியக்காரருக்குக் கண்ணைக் காட்டினார், பாட்டு ஆரம்பித்தது, எல்லோரும் கை தட்டிப் பாடினீர்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் நடுவாகவே வெளியே நடந்தாள். வழியில் கோயில் ஐயர் வீட்டில் நுழைந்து, அடுத்த வாரத்திலிருந்து நானும் பிள்ளையும் வருவோம் என்று சொன்னாள். நாற்காலியை அப்பாதான் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வந்தார். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

ரிட்டையர் ஆனதும் அப்பா மனை வாங்கி வீடு கட்டினார். எங்கே தெரியுமா, வெள்ளானூரில். செங்கல் சூளை போய் வீடுகள் முளைத்துவிட்டன. சித்தியின் வீட்டுக்கு நடந்து போகிற தூரம். ரயில் ஊழியத்துக்கு அந்தத் தெரு வழியாகத்தான் போய்ப் பஸ் ஏறுவார், அந்த வாசலில் ஒரு நாளும் நின்றதில்லை. எல்லோருக்கும் நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சொல்லியே வயதாகிப் போனார்.

பிறகு பக்கவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. தொண்டை நரம்பு மட்டும் பழையபடி புடைக்கும், சத்தம் வராது. சபையிலிருந்து வந்தவர்கள், பிரதர் ஆயத்தமாக இருக்கிறார், சாகும் முகத்தில் எவ்வளவு சமாதானம் பாருங்கள் என்றார்கள். சமாதானமா, அந்த மனிதர் வராத ஒரு சொல்லுக்காக இரவும் பகலும் திணறிக்கொண்டிருந்தார். நல்ல கையால் ஜன்னல் பக்கம் காட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீரா என்று கேட்டேன், வெளிச்சமா என்று கேட்டேன். அம்மாதான் புரிந்துகொண்டாள், அந்த ஜன்னலுக்கு அப்பால்தான் சித்தி வீட்டுத் தெரு. "அவளக் கூட்டிட்டு வா" என்றாள்.

சித்தி வந்தாள். தலை நரைத்து, தையல் கம்பெனியில் கண்ணைத் தொலைத்து, தடித்த கண்ணாடியோடு வந்தாள். உட்கார இடம் தேடினாள், அம்மா அந்தப் பச்சை ஒயர் நாற்காலியைக் கொண்டுவந்து கட்டிலருகில் விரித்தாள். அப்பா அதைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். வாய் அசைந்தது, உதடு குவிந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. சொல் வரவில்லை.

"சொல்லுங்க மாமா. நான் இங்கதான் கீறேன்" என்றாள் சித்தி. உண்மையாகவே காத்திருந்தாள். வெயில் சாயும்வரை, அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, பொறுமையாகக் காத்திருந்தாள். அவர் தம்பிக்குக் கொடுக்காத நேரத்தை அவள் அவருக்குக் கொடுத்தாள். கடைசியில் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"சரி மாமா. நாளைக்கு வரேன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பாவின் நல்ல கை அவள் முந்தானையை எட்டிப் பிடித்தது. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. விடிவதற்குள் போய்விட்டார்.

அந்த நாற்காலி யாருக்கு என்று கேட்டீர்கள். என் அப்பாவுக்கு. அம்மா அன்றைக்கே போட்டு வைத்தாள். நாலு படி இறங்க அவருக்கு ஆயுசு முழுக்க ஆனது, இறங்கி வந்து சேர்ந்தபோது வாயில் பேச்சு இல்லை.